தெருவைப் பார்க்காத செருப்பு

காரைக்குடிக்குப் பக்கத்தில் விடுதியாக மாறிவிட்ட ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை விருந்தினருக்குச் சுற்றிக்காட்டுவது என் வேலை. "செருப்பை இங்கேயே விட்டுருங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவேன். அடுத்து, "இந்தத் தரையில வெறுங்கால்ல நடந்தா உடம்புக்கு அவ்வளவு நல்லது." அதை எனக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. பல வருஷம் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

போன வருஷம் ஒருநாள் காலை, கட்டிலிலிருந்து இறங்கி இடது காலை ஊன்றியதும் குதிகாலில் ஆணி அடித்ததுபோல் இருந்தது. கொஞ்சம் நடந்ததும் குறைந்தது. நான் மறந்துவிட்டேன். மறுநாள் வலி மறக்காமல் வந்தது.

என் கணவருக்கு, தனக்கு வராத நோய்க்கெல்லாம் மருந்து தெரியும். செங்கல்லைச் சுட்டு, மேலே எருக்க இலையைப் போட்டு, "அழுத்தி வை, சூடு உள்ள எறங்கணும்" என்றார். இறங்கியது. கொப்புளமும் சேர்ந்துகொண்டதில், எந்த வலி எது என்று ஒரு வாரம் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிறகுதான் டாக்டரிடம் போனேன். அவர் கட்டைவிரலால் குதிகாலை அழுத்தினார். நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

"வெறுங்காலோட நடக்கவே கூடாது. வீட்டுக்குள்ளயும் மெத்துன்னு செருப்பு போடணும். என்ன வேலை பாக்குறீக?"

"வெறுங்காலோட நடக்குற வேலைதான், சார்."

அவர் சிரிக்கவில்லை. சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டவும், உறையவைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கடியில் உருட்டவும் சொன்னார். செருப்பு நடுவில் மடிந்தால் வாங்கக்கூடாது, விரல் பக்கம்தான் வளைய வேண்டும் என்றார்.

கடையில் எனக்குப் பிடித்ததையெல்லாம் வளைத்துப் பார்த்தேன். அழகானவை எல்லாம் நடுவிலேயே மடிந்தன. மடியாமல் நின்றது, தோணி மாதிரி, பழுப்பு நிறத்தில், மெத்தென்ற ரப்பரில் செய்த ஒரு எம்.சி.ஆர் செருப்பு. தெருவுக்கு ஒரு ஜோடியும் வேலைக்கு ஒரு ஜோடியும் வாங்கினேன்.

வீட்டுக்குச் சொந்தக்காரரான ஆச்சியிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

"டாக்டர் செருப்பு போட்டுத்தான் நடக்கணும்னு சொல்லிட்டாக, ஆச்சி."

"அங்குட்டு ரோட்டுல போட்டுக்க."

"வீட்டுக்குள்ளயும் போடணுமாம்."

ஆச்சி தரையைக் காட்டினார். "எங்க வீட்டு மாப்பிள்ளைக கூட இங்க செருப்போட நடந்ததில்ல."

"இது தெருவையே பாக்காத செருப்பு, ஆச்சி. பெட்டியில இருந்து நேரா இங்கதான் வந்திருக்கு."

அவர் ஒன்றை வாங்கித் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். தூசி இல்லை. "அப்ப இது செருப்புல சேராது" என்று தீர்ப்புச் சொன்னார். "சாமி அறைப் பக்கம் மட்டும் போயிராத."

அடுத்து வந்தது சென்னையிலிருந்து ஒரு குழு. அதில் ஒரு அம்மா என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். "உடம்புக்கு நல்லதுன்னு எங்களைக் கழட்டச் சொல்லிட்டு நீங்க மட்டும் போட்டிருக்கீங்களே?"

எனக்குப் பொய் வரவில்லை. குதிகால் வலி என்றேன். அவர் உடனே முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும்தான். ரெண்டு கால்லயும்." பின்னால் நின்ற அவர் கணவரும் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள். அன்று பர்மா தேக்குத் தூண்களின் பெருமையை யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு தூணில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டக் கற்றுக்கொண்டார்கள்.

அந்த நேரம் ஆச்சி வந்துவிட்டார். "எதுக்கு எல்லாரும் தூணைத் தள்ளிக்கிட்டு நிக்கிறாக?"

விவரம் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் நின்று பார்த்தார். குழு கிளம்பிப் போனதும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"எனக்கும் காலையில எந்திரிச்சா குத்துது. யார்கிட்டயும் சொல்லல. எந்தக் கடை அது?"

மறுநாள் அவருக்கும் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். என் வலி தணியச் சில மாதம் ஆயிற்று. மழைநாட்களில் இன்னும் லேசாக எட்டிப்பார்க்கும். ஆச்சிக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. இப்போதெல்லாம் அந்த மெத்துச் செருப்போடு சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று, நான் விருந்தினரிடம் என்ன கதை விடுகிறேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.