ரயில் போன பிறகு தொடங்கும் பாட்டு

என் அக்கா கிள்ளானைச் சேர்ந்த ஒரு தமிழ் இசைக்குழுவில் கோரஸ் பாடினாள். குழுவின் முதல் ஆல்பம் பிரிக்பீல்ட்ஸில், தண்டவாளத்தை ஒட்டிய ஒரு கடையின் மாடியில் பதிவானது. ரயில் வந்தால் அறையே அதிரும். ஆகவே யாராவது சன்னலருகே நின்று, ரயில் கடந்ததும் சொல்ல வேண்டும், பிறகுதான் பாடுவார்கள். அந்த வேலை பெரும்பாலும் அக்காவுக்கே வாய்த்தது. கடைசிப் பாட்டுக்கு முன்னால், எங்கள் ஊர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வோடு அவள் சொன்னது, தவறுதலாகக் கேசட்டிலும் தங்கிவிட்டது.

"டிரேன் போயிருச்சு. பாடுங்கலா."

கோரஸில் கலந்துவிட்ட அவள் குரலை எங்களால் பிரித்தறிய முடிந்ததில்லை. அவள் இறந்த பின், அவள் பேசிக் கேட்க இந்த ஒரு வரிதான் இருந்தது. அம்மா அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினார். நாடா நைந்து, ஒரு நாள் அறுந்தே போயிற்று.

ஆல்பம் சிடியாக மறுபடி வந்தபோது ஆவலோடு வாங்கினோம். அந்தப் பாட்டு நேராக இசையில் தொடங்கியது. அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். ஏதோ இரைச்சல் என்று வெட்டிவிட்டார்களே என்ற மனத்தாங்கல் எனக்கு வெகுகாலம் இருந்தது.

சென்ற ஆண்டு, அதே ஆல்பம் இசைத்தட்டாக வரப்போவதை அறிந்து, குழுவின் பாடகரைப் பார்க்கப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனேன். மூல நாடா அவரிடம் பத்திரமாக இருந்தது. அந்த வரியைப் பற்றித் தயங்கியபடி கேட்டேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன், தங்கச்சி. அம்மா கேட்டா தாங்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"அதக் கேக்கத்தான் அம்மா சிடியே வாங்குனாங்க, அண்ணே."

எங்களுக்காக ஒருவர் இத்தனை யோசித்திருக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தேன். வரியைத் திரும்பச் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்.

தட்டு வந்ததும் அவரே அதைக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார். எங்களிடம் இல்லை என்று பிளேயரையும் தூக்கி வந்திருந்தார். அக்கா பேசினாள். அம்மா கையை உயர்த்தினார். பாடகர் ஊசியை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். பிறகும் ஒருமுறை. பாட்டையும் கொஞ்சம் கேட்கலாமே, கஷ்டப்பட்டுப் பாடியிருக்கிறேன் என்று கடைசியில் கெஞ்சினார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பாடுப்பா. அதான் அவ சொல்லிட்டாளே."