இருபத்தைந்தாம் அத்தியாயத்திலிருந்து வேறு குரல்

யாசின் பாய் போய்விட்டார்.

முந்தாநாள் காலை. கடை திறக்கக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது...

அதற்கு முந்தின நாள்தான் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். "இன்னும் மூணே அத்தியாயம்தாங்க. இந்த வாரம் முடிச்சுடறேன்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாய்க்கு வீடு பாலக்கரையில். மலைக்கோட்டைக்குக் கீழே, தையல்காரர்களுக்கு நூல், ஜிப், லைனிங் துணி விற்கும் சின்னக் கடை.

நாங்கள் ஆறு பேர் ஒரு தடிமனான ரஷ்ய நாவலின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பை ஆடியோ புத்தகமாக வாசித்துக்கொண்டிருக்கிறோம். சம்பளம் கிடையாது, கேட்பவர்களுக்கும் ஃப்ரீ. அதில் மூன்றாம் பாகம் பாயின் குரல். இருபத்தேழு அத்தியாயத்தில் இருபத்து நாலு முடித்திருந்தார்.

ரெக்கார்டிங் எல்லாம் கடைக்குள்தான். பஜார் விழிப்பதற்கு முன்னால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லைனிங் துணி பேல்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். துணி எதிரொலியைக் குடித்துவிடுமாம். எங்கள் ஆறு பேரில் அவர் ஆடியோதான் சுத்தமாக இருக்கும். எனக்கு அதில் பொறாமைகூட உண்டு.

நான் ஸ்ரீரங்கம். எங்கள் தெருவில் புறப்பாடு வந்தால் மேளம் ஓயும் வரை மைக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒருமுறை அதைச் சொல்லி அலுத்துக்கொண்டபோது பாய் சொன்னார்: "உங்க பெருமாள் வீட்டுக்குப் போனப்புறம் நீங்க ஆரம்பிங்க. எங்க பாங்கு முடிஞ்சதும் நான் ஆரம்பிக்கிறேன். ரஷ்யாக்காரங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க."

இவ்வளவு நல்ல மனிதரோடு நான் ஒரு மாதம் பேசாமல் இருந்தேன்!

காரணம் ஒரு ரூல். ஒரு பாகத்துக்கு ஒரே குரல். பாதியில் யாராவது விட்டுவிட்டால் அதுவரை வாசித்ததை எல்லாம் அழித்துவிட்டு, புது ஆள் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். போட்டவர் சாட்சாத் பாயேதான். மாட்டியது நான்.

மூன்றாம் பாகம் முதலில் என்னுடையது. மாமியாருக்கு ஆபரேஷன் என்று ஒன்பது அத்தியாயத்தோடு நின்றுபோனேன். பாய் அந்த ஒன்பதையும் தூக்கச் சொல்லிவிட்டு, ஒன்றாம் அத்தியாயத்திலிருந்து அவரே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

போனில் கத்தினேன். "ஒன்பது அத்தியாயம் பாய்! ஃபேனை நிறுத்திட்டு, வேர்த்து ஊத்தப் படிச்சது!"

"தெரியும்மா. ஆனா கேக்கறவங்களுக்குக் குரல்தானே ஆளு. பாதிக் கதையில ஆளு மாறினா எப்படிம்மா?"

டக்கென்று கட் பண்ணிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். "நாலாம் பாகம் சும்மாதான் கெடக்குது. கோவம் தீந்துச்சுன்னா எடுத்துக்கங்க."

"தீரலை" என்றேன். எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஃபைல்களை வெளியிடும் முன் முதலில் கேட்பவர் பாயின் அக்கா, மும்தாஜ் லாத்தா. அவருக்குக் கண் தெரியாது. அவர் சரி என்றால்தான் எங்களுக்குச் சரி.

நாலாம் பாகத்தில் ஆறையும் ஏழையும் நான் நம்பர் மாற்றி அனுப்பிவிட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. லாத்தாவிடமிருந்து வாய்ஸ் வந்தது: "ஏம்மா, இப்பதானே அந்த மனுஷனை அடக்கம் பண்ணீங்க? அடுத்ததுல உக்காந்து டீ குடிக்கிறாரே?"

கீழேயே பாய்: "அங்க குளிரு ஜாஸ்தி லாத்தா. ஒரு டீ போட்டுட்டுப் போலாம்னு எந்திரிச்சிருப்பாரு."

குரூப்பில் அன்று முழுக்கச் சிரிப்பு...

நேற்று பாலக்கரைக்குப் போனேன். பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் லாத்தா சுவரோரம் இருந்தார். "லாத்தா" என்றுதான் சொன்னேன்.

"நாலாம் பாகமா?" என்று கையை நீட்டினார். அதுவரை அடக்கி வைத்திருந்தேன். அழுதுவிட்டேன்.

என் கையை விடாமல் கேட்டார்: "பாக்கி மூணையும் யாரு படிக்கப் போறீங்க?"

குரூப்பில் ஒருவருக்கும் கேட்க வாய் வராத விஷயம் அது. ரூல்படி பார்த்தால் பாயின் குரலே போய்விடும். இருபத்து நாலு அத்தியாயம். அதைத் தட்டுத் தடுமாறி நானே லாத்தாவிடம் சொன்னேன்.

"ரூல் போட்டவனே மூணு பாக்கி வெச்சுட்டுப் போயிட்டான். இனிமே அவன் ரூலைக் கேட்டு என்ன ஆகப்போவுது? ஒண்ணையும் அழிக்காதீங்க. மேல படிங்க" என்றார்.

"யாரு படிக்கிறது லாத்தா?"

"உன் பாகத்தைத்தானே அவன் வாங்கிக்கிட்டான்? நீயே முடிச்சுக் குடு."

குரூப்பில் சொன்னேன். மறுபேச்சு இல்லை. ஐந்து நிமிடத்தில் எல்லாரும் சரி என்றார்கள்.

இன்று காலை உட்கார்ந்தேன். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன்னால் வாசிப்பவர் பெயர் சொல்ல வேண்டும். "இதுவரை வாசித்தவர் யாசின்" என்று சொல்லிவிட்டு, என் பெயரைச் சொல்ல நாலு டேக் ஆனது.

அப்புறம் நிற்கவில்லை. இருபத்தைந்தாம் அத்தியாயம், இருபத்திரண்டு நிமிடம். லாத்தாவுக்கு அனுப்பினேன்.

இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்துவிட்டது. "எட்டாவது நிமிஷத்துல யாரோ மிக்ஸி போடறாங்கம்மா. அந்த இடத்தைத் திரும்பப் படிச்சு அனுப்பு. நான் உக்காந்துதான் இருக்கேன்."

மிக்ஸி எங்கள் வீட்டுடையதுதான். அணைக்கச் சொல்லிவிட்டேன்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் பாய். லாத்தா காத்திருக்கிறார், நான் படிக்கப் போகிறேன்.