நூலால் அளந்த வான்தொலைவு

துபாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் உள்ள தொலைவை நூல் கொண்டே அளந்து சொன்னவன் என்று எங்கள் ஊரார் இன்றும் என்னைப் புகழ்கின்றனர். அப்புகழில் பாதி தவறு. என் கையாலேயே உண்மை பதிவாக வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் இடைப்பட்ட மானாவாரிச் சிற்றூர் ஒன்றில் தமிழாசிரியனாக இருந்தேன். அடுத்த வீட்டுப் பெண்மணி தம் மகளுக்குக் காதணி விழா வைத்திருந்தார். குழந்தையை மடியில் இருத்த வேண்டிய தாய்மாமன், அவருடைய ஒரே தம்பி, துபாயில் வெல்டிங் வேலையில் இருந்தார். வியாழன் காலை ஐந்து மணி வானூர்தியில் புறப்பட்டால் மறுநாள் காலை விழாவுக்கு வந்துவிடலாமா, அதற்கு முந்தையதில் வரவேண்டுமா என்று அக்காளுக்கு மடல் எழுதியிருந்தார்.

அம்மையார் என்னிடம் கேட்டார். நான் நிலப்பட ஏட்டை விரித்து, நூலை நீட்டி அளந்தேன். ஏறத்தாழ இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். நான்கு மணி நேரப் பயணம். ஒன்பதுக்குத் திருவனந்தபுரம், நெல்லையில் பேருந்து மாறி மாலை ஆறுக்கு அருப்புக்கோட்டை, ஏழுக்குக் கடைசிப் பேருந்து. வியாழனே போதும் என்று எழுதச் சொன்னேன்.

வியாழன் இரவு கடைசிப் பேருந்தில் அவர் வரவில்லை. ஏட்டை மீண்டும் விரித்தபோதுதான் உறைத்தது. அவர் எழுதிய ஐந்து மணி துபாய்க் கடிகாரத்தின் ஐந்து. நம் கடிகாரம் ஒன்றரை மணி முந்தியது. அதை நான் கூட்டவே இல்லை; கூட்டினால் அருப்புக்கோட்டைக்கே ஏழரை ஆகிவிடும். அம்மையாரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை.

"கணக்கு தப்புனா தப்பட்டும் வாத்தியாரய்யா. வாரது எந் தம்பி. வந்துருவான்."

விடிந்தது. ஏழரை மணியுடன் நல்ல நேரம் முடிகிறது. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். கணவரின் அண்ணன் பலகையில் அமரப் போனார்.

"துபாய்க்காரன் வரமாட்டான் தாயி. ஏன், எம் மடியில என்ன முள்ளா இருக்கு?"

"இல்ல மச்சான். அவன் வராம ஊசி எறங்காது."

குழந்தையை இடுப்பிலிருந்து அவர் இறக்கவே இல்லை. நான் தலைகுனிந்து நின்றேன்.

ஏழேகாலுக்குக் கருவேலங்காட்டு வழியே, தலையில் பெட்டியும் கையில் செருப்புமாக ஒருவர் வந்தார். பேருந்தைத் தவறவிட்டு, அருப்புக்கோட்டையிலிருந்து இரவெல்லாம் நடந்திருக்கிறார். புழுதிக் காலோடு பலகையில் அமர்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பிளேன் நீங்க சொன்ன மாதிரி நாலு மணி நேரந்தான்யா. நம்ம காட்டுக்குத்தான் நூலு பத்தல."

எல்லோரும் சிரித்தனர். அவர்கள் நடுவிலேயே என் பிழையைச் சொன்னேன்; சிரிப்பில் எவர் காதிலும் அது விழவில்லை. புகழ் மட்டும் நின்றுவிட்டது.

இன்றும் எவரேனும் பயண நேரம் கேட்டால், எந்த ஊர்க் கடிகாரம் என்றும், கடைசிப் பேருந்து எப்போது என்றும் முதலில் கேட்கிறேன். இங்கு நான் தந்துள்ள தொலைவிலோ நேரத்திலோ பிழை இருப்பின் அறிந்தோர் திருத்தி எழுதுக. என் கணக்குக்காக இன்னொருவர் நடக்கக் கூடாது.