பெரும்புள்ளி உயிரோடு இருக்கிறார்

என் அக்காவின் வீட்டுக்காரருக்கு ‘பெரும்புள்ளி’ என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். வைத்ததில் எனக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது. அத்தான் செய்த காரியம் அப்படி. இலவசச் சாப்பாடு என்று யாரோ கூப்பிட்டதை நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் அழைத்துக்கொண்டு ஓட்டல் ஒன்றுக்குப் போனார். வயிறு நிறையப் போட்டு, வாய் ஓயாமல் பேசி, விடுமுறை கிளப் ஒன்றில் உறுப்பினராக்கி அனுப்பிவிட்டார்கள். வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் கட்டினால் கணக்கில் புள்ளிகள் சேருமாம். அந்தப் புள்ளிகளைக் கொடுத்து விடுதியில் தங்கலாம், கப்பலில்கூடப் போகலாமாம்.

கிளப்காரர்கள் கொடுத்த புத்தகத்தில், இரண்டு மலைகளுக்கு நடுவே ஏரியில் போகும் ஒரு வெள்ளைக் கப்பலின் படம் இருந்தது. “இதுல உன்னைக் கூட்டிட்டுப் போறேனா இல்லையா, பாரு” என்றார் அக்காவிடம். அக்கா குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். அன்றைக்கு அவள் முகமும் அங்கிருக்கும் குழந்தைகளின் முகம் போலத்தான் மலர்ந்திருந்தது.

முதல் வருஷக் கடைசியில் கப்பலுக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தார். ‘இந்தக் கணக்கைத் திறக்க இயலாது’ என்று கம்ப்யூட்டர் கையை விரித்தது. மெயில் போட்டார், பதிலே இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, கட்டணம் மட்டும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்க்கொண்டிருந்தது. “நல்லாத் தலையில மிளகாய் அரைச்சுட்டாங்க அத்தான்” என்று நான் சொன்னேன். அக்கா அதோடு நிற்கவில்லை. ஆத்திரத்தில், “இனிமே என்னைக் கேக்காம எந்த முடிவும் எடுக்காதீங்க, சாமி” என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டாள்.

மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஆட்களோடு லிஃப்ட் நின்றுபோனால், கதவிடுக்கில் வாயை வைத்து, “பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்” என்று அவர் சொல்கிற ஒரு வார்த்தைக்கு உள்ளே அழுகை நின்றுவிடும். நானே ஒரு முறை மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு ஒரு பல்பு வாங்கவும், “உங்க அக்காகிட்டக் கேளு” என்று ஆகிவிட்டார். செருப்புக் கடையில் “கடிக்குதா சார்?” என்று கேட்டால் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா திடீரென்று என்னிடம் சொன்னாள்: “பணம் போனாப் போகுதுடி. ஆள் போயிட்டாரே. என்னைக் கேக்காம எதையாவது செஞ்சுட்டு, வந்து முழிச்சுக்கிட்டு நின்னு திட்டு வாங்குவாரே, அந்த ஆளு எனக்குத் திரும்ப வேணும். என் வாய்தான் அவரை இப்படி ஆக்கிடுச்சு.”

எனக்கும் அந்த வாயில் பங்கு உண்டு.

அடுத்த வாரம் அக்கா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அத்தானுக்கு ஒரு போன் வந்தது. எடுத்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இல்லீங்க, அவர் காலமாயிட்டாரு. ரொம்ப வருஷமாச்சு. சொத்து பத்துன்னு ஒண்ணும் கிடையாதுங்க. நன்றிங்க.” வைத்துவிட்டு டீயைக் கையில் எடுத்தார்.

“யாரு அத்தான்?”

“ஏதோ கிளப்பாம். வருஷத்துக்கு ஒரு தடவை அப்பாவைக் கேட்டுப் பேசுவாங்க. இப்பல்லாம் வாரிசு யாருன்னு வேற கேக்குறாங்க. அப்பா சீட்டாடின கிளப்பா இருக்கும். பாவம், இன்னும் மறக்காம இருக்காங்க.”

எனக்குப் பொறி தட்டியது. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஏது? அப்பா பெயர்தானே முன்னெழுத்து. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில் அத்தானும் அப்பா பெயரை எழுதியிருப்பார். அவர்கள் மரியாதையாக அந்தப் பெயரைச் சொல்லி இவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இவரோ ஒவ்வொரு முறையும் பயபக்தியோடு, ஆள் செத்துவிட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறார்!

அவர் போனைப் பிடுங்கி அதே எண்ணுக்கு அடித்தேன். நான் பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்து, ‘இன்னிக்கு டாக்டரைப் பார்க்க முடியாது’ என்று நாள் முழுக்கச் சொல்பவள். என்னிடம் யாரும் மழுப்ப முடியாது. எடுத்த பெண் கணக்கைப் பார்த்துவிட்டு, “உறுப்பினர் இறந்துட்டதா பதிவாகியிருக்கு மேடம். எங்க ஆழ்ந்த அனுதாபங்கள்” என்றாள்.

“அனுதாபத்தை நீங்களே வச்சுக்கோங்க. செத்தவரு என் எதிர்ல உட்கார்ந்து டீ குடிச்சுட்டிருக்காரு. யாரு சொன்னா அவர் இறந்துட்டாருன்னு?”

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “அவர் நம்பர்ல பேசினவர்தான் சொல்லியிருக்காரு, மேடம்.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விடவில்லை. “சரிம்மா, செத்தவரு எப்படி வருஷா வருஷம் கட்டணம் கட்டுவாரு? அதை மட்டும் மறக்காம எடுத்துக்கிட்டீங்களே, அப்ப அனுதாபம் வரலையா?”

மேலாளர் லைனுக்கு வந்தார். அத்தான் உயிரோடுதான் இருக்கிறார் என்று வீடியோவில் காட்டச் சொன்னார்கள். அடையாள அட்டையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மூச்சைக் கூட விடாமல் விறைப்பாக உட்கார்ந்தார் அத்தான். “கொஞ்சம் அசையுங்க சார்” என்றார் மேலாளர். “இப்படி உட்கார்ந்தா பழையபடி செத்தவர் கணக்குலதான் சேர்ப்பாங்க அத்தான்” என்று நான் அதட்டினேன். கணக்கு முடங்கிக் கிடந்ததால் புள்ளிகள் ஒன்றுகூடக் காலாவதியாகவில்லை. மூன்று பேருக்குக் கேபின், அதே ஏரி, அதே கப்பல். அப்பாடா! கடன்காரன் வாசலைத் தாண்டிப் போனது போல இருந்தது எனக்கு. யாரும் ஏமாற்றவும் இல்லை, யாரும் ஏமாறவும் இல்லை.

ஆனால் எந்தத் தேதி என்று கேட்டதும் அத்தான் வழக்கம்போல, “உங்க அக்காகிட்டக் கேளு” என்றார். அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். கடைசியில் நான்தான் தேதி சொன்னேன்.

போகிற வழியெல்லாம் அவருக்கு நம்பிக்கை இல்லை. படகுத்துறையில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர் அத்தானின் அப்பா பெயரை உரக்கக் கூப்பிட்டார். நான் அத்தானை இடுப்பில் இடித்தேன். “நான்தான்! இருக்கேன்! இருக்கேன்!” என்று அவர் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

கப்பல் நகர்ந்தது. முதல் வளைவிலேயே இரண்டு பக்கமும் மலைகள் கிட்டே வந்துவிட்டன. பணியாளர் எங்களிடம் வந்து, கீழே கண்ணாடி அறையில் இருக்கைகள் இருக்கின்றன, மேல்தளமும் திறந்திருக்கிறது, எங்கே உட்காருகிறீர்கள் என்று கேட்டார். அத்தானிடம்தான் கேட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன், அக்கா என் கையைக் கிள்ளினாள். வலித்தது.

அத்தான் அக்காவைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “மேல போலாம், வாங்க” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியேறிவிட்டார்.

மேலே ஒரு ஈ காக்கை இல்லை. ஏன் இல்லை என்பது உடனே தெரிந்தது. காற்று ஆளைத் தள்ளியது. தூறல் வேறு. கீழே இருந்து பார்த்த மலை, மேலே வந்ததும் மூடுபனிக்குள் போய்விட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அத்தான் எங்களைத் திரும்பிப் பார்த்து முழித்தார்.

அக்கா அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். “ஏங்க, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? ஒரு வார்த்தை என்னைக் கேக்க வேணாம்? சொகுசா கண்ணாடி அறை இருக்குறப்ப, கட்டினவளை இப்படியா மழையில கொண்டுவந்து நிறுத்துவாங்க? ஜலதோஷம் பிடிச்சா யாரு பார்ப்பா?” பல்லெல்லாம் கிடுகிடுக்கத் திட்டினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதில் தூறல் எது என்று அவள் தங்கையான எனக்குத் தெரியாதா?

“சரி, அப்ப கீழ போயிடலாமா?” என்றார் அத்தான்.

“ஒண்ணும் வேணாம்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் திட்ட ஆரம்பித்தாள்.