ஒரு குறையும் சொல்லாத சந்து

ஜெயினுலாப்தீனின் கண்ணைக் கட்டிவிட்டு மூக்கருகே ஒரு துண்டுத் தோலை நீட்டினால் போதும். ஆடா மாடா, எந்த ஊரில் பதம் பண்ணியது, அந்த ஆடு கடைசியாகத் தின்ற தழை எது என்பதுவரை சொல்லிவிடுவார். மும்பை தாராவியில் அவருக்கு ஈடாக இன்னொரு மூக்கு கிடையாது. தழை விஷயம் கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஊரைக்கூடப் பத்துக்கு ஆறு முறைதான் சரியாகச் சொல்வார். ஆனால் ஒரு முழுத் தோலை விரித்துப் போட்டதும், எங்கே கத்தி வைத்தால் எத்தனை கைப்பை தேறும் என்று ஒரே பார்வையில் சொல்கிற கட்டிங் மாஸ்டர் அவர் என்பதில் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை.

இப்போது அந்த மூக்குக்கு வாசனை தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் தொண்ணூறடி ரோட்டில் ஒரு டெம்போ பின்பக்கமாக வந்து இடித்து, அவர் தலை நடைபாதை விளிம்பில் மோதியது. நெற்றி எலும்பு உள்வாங்கிவிட்டது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. முடி வளர்ந்ததும் தையல் மறைந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் பழைய ஆளாகவே இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் மனைவி நூர் நிஷாவுக்கு மட்டும் முதல் வாரமே தெரிந்துவிட்டது, பழைய ஆளை ஆஸ்பத்திரி திருப்பிக் கொடுக்கவில்லை என்று.

அடுப்பில் கறி தீய்ந்து புகை மண்டினாலும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பால் வாங்கப் போனவர் மாஹிம் பக்கம் ஒரு பஸ் நிறுத்தத்தில், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றார். வேலை பார்த்த தோல் பட்டறையான கார்கானாவில் ஒரு நாள் கத்தி எடுத்தவர் நல்ல தோலொன்றைக் குறுக்கே கிழித்துவிட்டு, அதுதான் சரி என்று சாதித்தார். முதலாளியே கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டில் விட்டுப் போனார். இருபது வருஷத்துக்கு மேல் மனைவியிடம் குரல் உயர்த்தாத மனிதருக்குத் தண்ணீர் டம்ளர் இடம் மாறியிருந்தாலும் கோபம் வந்தது.

டெம்போவின் இன்ஷூரன்ஸ் கம்பெனிமேல் வழக்குப் போட்டவர் மாட்டுங்கா வக்கீல் ஜகந்நாதன். முதல் நாளே அவர் நூர் நிஷாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார். ஜெயினுலாப்தீனுக்கு நாற்பத்து மூன்று வயசு என்பதால் உழைக்க வேண்டிய வருஷம் இன்னும் நிறைய இருந்தது. அது நம் பக்கம். கூலி வாரா வாரம் கையில் வாங்கியது, சம்பளச் சீட்டு இல்லை; அது எதிர்ப்பக்கம். ஆஸ்பத்திரியில் ஊனம் நாற்பது சதவீதம் என்று சர்ட்டிபிகேட் கொடுத்திருந்தார்கள். அதோடு விஷயம் முடியாது என்றார் அவர். கை போனால் போன கையைக் கோர்ட் கண்ணால் பார்க்கும். மூளையில் பட்ட அடி அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. இந்த மனுஷனால் இனி தொழில் செய்ய முடியுமா, துணைக்கு ஆள் இல்லாமல் ஒரு நாள் கழியுமா என்பதைக் கூட இருப்பவர்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

நூர் நிஷா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வாய் திறப்பதில்தான் சிக்கல் வந்தது.

மகள் சபாவுக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. கண் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். கோவண்டியிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மேலப்பாளையத்துக் குடும்பம், பையனுக்கு ஏசி மெக்கானிக் வேலை. பெண்ணைப் பிடித்திருந்தது. வாப்பாவுக்குத் தலையில் அடிபட்டதாமே, புத்தி எப்படி என்பதுதான் அவர்களுக்குக் கவலை. விசாரிக்க ஆள் வரலாம் என்று பேச்சு அடிபட்டது.

கல்யாண விசாரணைக்கு வருகிறவனிடம் அந்தச் சந்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தீராப் பகை உள்ளவர்கள்கூட அன்றைக்கு மட்டும் நல்லதையே சொல்வார்கள். நாளைக்கு அவர்கள் வீட்டிலும் பெண் இருக்கிறதே. வந்தவனை நீ யார், யார் அனுப்பியது என்று கேட்பதும் மரியாதை இல்லை. வாடகைக்கு வீடு பார்க்க வந்தேன் என்று அவன் ஏதாவது சொல்வான். இவர்களும் நம்பியதுபோல் இருப்பார்கள். ஆனாலும் நூர் நிஷா வீடு வீடாகப் போய் ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள்.

ஆள் வந்தான். சட்டைப்பையில் சின்ன நோட்டு, பணிவான ஹிந்தி. டீக்கடை நாகூர் மீரானிடம் தோல் பை வாங்க வந்தேன் என்றான். மீரான் ஒரு டீயை ஆற்றுகிற நேரத்தில் ஜெயினுலாப்தீனை மலைமேல் ஏற்றிவிட்டார். அந்த அடிக்குப் பிறகு அவருக்குப் புத்தி இன்னும் கூர்மையாகிவிட்டதாம். இன்றைக்கும் அவர் கை வைத்தால்தான் கார்கானா ஓடுகிறதாம். கோபமா? ஈ உட்கார்ந்தால் அதற்கும் சலாம் சொல்லிவிட்டுத்தான் விரட்டுவாராம். அவன் ஒன்று கேட்டால் சந்து மூன்று சொன்னது.

இதற்குள் நூர் நிஷா பின்வழியாக ஓடி, கணவரைக் கார்கானாவில் அவருடைய பழைய பலகைமுன் உட்காரவைத்து, ஒரு கழிவுத் தோலை விரித்து, கையில் மொக்கைக் கத்தியைக் கொடுத்துவிட்டாள். கத்தி கைக்கு வந்ததும் அவர் உடம்பு தானாக நிமிர்ந்தது. ஒரு நிமிஷம் அவளே ஏமாந்தாள். வந்தவன் வாசலில் நின்று போனில் இரண்டு படம் எடுத்துக்கொண்டான். அவன் டீக்கு நூர் நிஷாவே காசு கொடுத்தாள்.

நாலு நாளில் கோவண்டியிலிருந்து சம்மதம் வந்தது. அவர்கள் ஆள் யாரையும் அனுப்பவில்லை, பள்ளிவாசலில் ஒரு பெரியவரிடம் கேட்டதோடு சரி என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

தெரிந்தது அடுத்த மாதம், கோர்ட்டில். இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஒரு விசாரணை அறிக்கையையும் இரண்டு படத்தையும் நீட்டினார். மனுதாரர் தினமும் வேலைக்குப் போகிறார், அக்கம்பக்கத்தார் பதினோரு பேர் சொல்கிறார்கள், மகளுக்குக் கல்யாணம் பேசுகிற அளவுக்குக் குடும்பம் நிம்மதியாக இருக்கிறது. படத்தில் ஜெயினுலாப்தீன் பலகைமேல் குனிந்திருந்தார். நூர் நிஷாவின் பக்கத்தில் இருந்த அவர் படத்தைக் கண்டு சந்தோஷமாகச் சிரித்தார்.

வராந்தாவில் ஜகந்நாதன் குரலை உயர்த்தவில்லை.

"யாரும்மா இந்த ஆளை உள்ள விட்டது?"

"நாந்தான் சார். டீயும் வாங்கிக் குடுத்தேன்."

அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். கேட்டு முடித்த வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். காசு கொடுத்துப் பிடித்த சாட்சி என்றால் உடைத்துவிடலாம், இது அன்பால் சொன்ன பொய்யாயிற்றே என்றார். மனநல நிபுணரிடம் புதிதாக ஒரு பரிசோதனை அறிக்கை எழுதி வாங்கலாம். நாகூர் மீரானைக் கூண்டில் ஏற்றி, எதற்காகப் பொய் சொன்னார் என்று சொல்ல வைக்கலாம். ஆனால் வீட்டுக்குள் தினமும் நடப்பதை மனைவி பிரமாணப் பத்திரமாகக் கொடுக்காவிட்டால் எதுவும் நிற்காது.

"எதிர்த்தரப்புக்கு ஒரு காப்பி போகும்மா. அது கோவண்டி வரைக்கும் போகாதுன்னு நான் உங்களுக்கு சத்தியம் பண்ண முடியாது. யோசிச்சு வாங்கோ."

நூர் நிஷா ஒன்பது நாள் யோசித்தாள். பத்திரம் கொடுத்தால் மகள் வாழ்வு போகும். கொடுக்காவிட்டால் இந்த மனிதரைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆளும் மருந்தும் எங்கிருந்து வரும்? தனக்குப் பிறகு அவரை யார் வைத்துக்கொள்வார்கள்? நாலாம் நாள் அவர் செருப்பில்லாமல் தண்டவாளம் வரை போய்விட்டார். தெரிந்த பெண்ணொருத்தி கூட்டிவந்தாள். அந்தப் பெண்ணிடமும் நூர் நிஷா, காற்றாட நடக்கப் போனார் என்றுதான் சொன்னாள். அந்தப் பொய் தன் வாயிலிருந்து தானாக வந்ததைக் கேட்டு அவளுக்கே பயமாகிவிட்டது.

பத்தாம் நாள் மாட்டுங்கா ஆபீஸில் வக்கீல் எதிரே உட்கார்ந்தாள். இங்கிலீஷில் எழுதுவதைப் படித்துச் சொல்லச் சபாவும் கூட வந்திருந்தாள். ஜெயினுலாப்தீன் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

வாசனை தெரியாததைச் சொன்னாள். வழி மறப்பதைச் சொன்னாள். தண்டவாளத்தைச் சொன்னாள். விசாரணைக்கு வந்தவன்முன் அவரை உட்காரவைத்தது தான்தான் என்பதையும் சொன்னாள். வக்கீல் எழுதிக்கொண்டே, கோபம் எப்படி என்று கேட்டார். நூர் நிஷா முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கோவம் வரும் சார். சத்தம் போடுவாக. அவ்வளவுதான்."

பேனா அதை எழுதத் தொடங்கியது. சபா தாளின்மேல் கை வைத்தாள்.

"சத்தம் மட்டும் இல்ல சார். இந்த நோன்புப் பெருநாளுக்குப் பொறவு மூணு தடவ அடிச்சிருக்காக. ரெண்டு தடவ உம்மாவ, ஒரு தடவ என்னைய. அடிச்சிட்டு, ஏன் அழுவுறீயன்னு எங்களையே கேப்பாக. அப்படியே எழுதுங்க."