கொழுந்துக் கம்பிக்கு வைத்த ஒளிமணி

1. ரேடியோகிராமுக்குப் பின்னால்

அந்த எண்ணம் வந்தபோது என் தலை பெரிய துரையின் ரேடியோகிராமுக்குள் இருந்தது. ஒரு வால்வு எரிந்துபோயிருந்தது. தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் நான் உதவி எலக்ட்ரீசியன். ஃபேக்டரி மோட்டார் என்றாலும் பங்களா இஸ்திரிப் பெட்டி என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

துரை பின்னால் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு மாத லீவில் சீமைக்குப் போய்த் திரும்பியிருந்தார். அங்கே சனிக்கிழமைதோறும் டெலிவிஷனில் ஒரு நாடகம் போடுவார்களாம். வருங்காலத்து மனிதர்கள் கப்பலேறி நட்சத்திரங்களுக்கு இடையே திரிகிறார்கள். லீவு முடிந்த பிறகும் துரையின் தங்கை வாரம் தவறாமல் கதையை எழுதி அனுப்பினாள். எனக்கு டெலிவிஷன் பெட்டி எப்படி இருக்கும் என்றே தெரியாது. இந்தத் தீவில் அதைப் பார்க்க வழியும் இல்லை. ஆனாலும் அந்த நாடகத்தில் வரும் கருவிகளை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே நடக்கும், நடக்காது, தெரியாது என்று குறித்துவந்தேன். தானாகத் திறக்கும் கதவு, நடக்கும். காற்றிலிருந்து சோறு செய்யும் பெட்டி, நடக்காது.

"இங்க பாரு," என்றார் துரை. அவருடைய தமிழ், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வேலை ஏவக் கற்றுக்கொண்ட தமிழ். "ரெண்டு கப்பல். ரேடியோ செத்துப்போச்சு. கேப்டன் என்ன செஞ்சான்? வெளக்க எடுத்தான். அந்தக் கப்பல் பக்கம் புடிச்சான். பேசினான். அங்க சத்தம் கேக்குது. பொய்தானே?"

"இல்லைங்க தொரை. இது நடக்கும்."

"போன வாரம் நடக்காதுன்னு சொன்னே."

போன வாரத்துக் கதை வேறு. செவ்வாய்க் கிரகத்தில் இருப்பவன் கேட்ட கேள்விக்குப் பூமியிலிருந்து உடனே பதில் வந்ததாம். ஒளியே அங்கே போய்ச்சேர நிமிஷக் கணக்கில் ஆகும். அடுத்த அறையில் இருப்பவனைப் போல் பேசிக்கொள்ள முடியாது என்று சொல்லியிருந்தேன். தன் சொந்தக்காரனை வைதுவிட்டது போல் துரையின் முகம் சுருங்கியது.

இந்த முறை விளக்கினேன். ஹட்டன் தியேட்டரில் தினமும் ஒளிதான் பேசுகிறது. பிலிம் ஓரத்தில் சத்தத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. ஒரு சின்ன விளக்கு அதன் வழியாக போட்டோ செல் மேல் விழுகிறது. ஒளி கூடிக் குறைந்தால் செல்லில் மின்சாரமும் கூடிக் குறையும். அதுவே ஸ்பீக்கரில் பாட்டாக வருகிறது.

துரை பைப்பைத் தட்டினார். "அப்ப நம்ம கொழுந்துக் கம்பிக்கு ஒண்ணு செஞ்சு குடு."

பயம் வருவதற்குள் வாய் சரி என்று சொல்லிவிட்டது.

2. தட்டினால் வரும் மூட்டை

எங்கள் மேல் டிவிஷனுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம். ரோட்டு வழியாகச் சுற்றினால் கொழுந்து வந்துசேர வெகுநேரமாகும். அதனால் பள்ளத்துக்குக் குறுக்கே இரும்புக் கம்பி இழுத்திருக்கிறார்கள். மேலே மூட்டையைக் கொக்கியில் மாட்டித் தள்ளிவிட்டால் அது தன் பாரத்திலேயே சறுக்கிக் கீழே வந்துவிடும்.

மேல் கொட்டகையில் வேலு. கீழே மூட்டையைக் கழற்றுபவன் சிவனு. இரண்டு பேருக்கும் முப்பதை ஒட்டிய வயது. ஒருவர் தங்கையை ஒருவர் கட்டியவர்கள். நேரில் பார்த்தால் சண்டை, கம்பியில் மட்டும் ஒற்றுமை. வேலு கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கட்டையால் கம்பியை மூன்று தட்டுத் தட்டுவான்: அனுப்பட்டுமா? கம்பி வழியாக அந்த அதிர்வு கீழே போகும். சிவனு இரண்டு தட்டினால் அனுப்பலாம், ஒன்று தட்டினால் பொறு.

காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும் நாளில் கம்பி தானே ரீங்கரிக்கும். தட்டுவது எது, காற்று எது என்று தெரியாது. கொழுந்து மூட்டையிலேயே கிடந்து சூடேறிச் சிவந்துவிடும். துரையின் கவலை அதுதான்.

3. ஆடி மாதத்துச் சோதனை

தியேட்டர் ஆப்பரேட்டர் பழைய போட்டோ செல் ஒன்றும் ஒரு லென்ஸும் தந்தார். கீழே சிவனு பக்கத்தில் லாரி ஹெட்லைட்டும் பேட்டரியும் வைத்தேன். மேலே வேலுவின் கொட்டகையில் பள்ளத்தைப் பார்த்தபடி ஒரு நீளத் தகரக் குழாய். அதன் அடியில் செல், மின்சாரத்தைப் பெருக்க ஆம்ப்ளிஃபயர், மணியைத் தட்டிவிட ரிலே, ஒரு மணி. சிவனு ஸ்விட்சைப் போட்டால் ஒளி மேலே போகும், மணி அடிக்கும், மூட்டையை அனுப்பலாம். விளக்கு அணைந்திருந்தால் மணி இல்லை. மணி இல்லையென்றால் மூட்டை இல்லை.

கடும் மூடுபனியில் ஒளி ஏறாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அப்போது பழையபடி கட்டையை எடுக்கட்டும். மணி அடிக்காமல் போனால் வேலைதான் தாமதம், ஆளுக்கு ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டேன். மெல்லிய மூடுபனியையாவது ஒளி தாண்டட்டும் என்று ஆம்ப்ளிஃபயரின் உணர்திறனைக் கூட்டிக்கொண்டே போனேன்.

"என்ன தம்பி, கோயில் மணியெல்லாம் வச்சுட்டே," என்றான் வேலு. "தேங்காய் ஒடைக்க வேணாமா?"

"மணி அடிச்சா கட்டையத் தொடாதீங்கண்ணே. ரெண்டு சிக்னல் இருந்தா கொழப்பம்."

"சரிங்க இன்ஜினியர் தொரை." நான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து பள்ளிக்கூடம் போய் உத்தியோகம் பார்ப்பவன். வேலு கிண்டலுக்கு மட்டும்தான் என்னைத் துரை என்பான்.

மூன்று வாரம் சோதித்தேன். மழையில், காற்றில், சாரலில், காலையில், மாலையில். ஒருமுறைகூடத் தப்பவில்லை. அந்த மூன்று வாரத்தில் வெயிலில் மட்டும் சோதிக்கவில்லை. சோதிக்க வெயில் இல்லை. எங்கள் பக்கத்தில் ஆடி மாதத்தில் சூரியனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, நானும் எடுக்கவில்லை.

4. புதன்கிழமை, மூன்றாம் நிறுவை

மாலை நாலரை இருக்கும், அன்றைய கொழுந்தை மூன்றாம் முறையாக நிறுத்து அனுப்பும் நேரம். நான் ரோலர் அறையில் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் சிவனு மூட்டைக்கு அடியில் கிடந்தான். முந்தின மூட்டையின் கொக்கி சிக்கிக்கொண்டதால் விளக்கை அணைத்துவிட்டு அதை விடுவித்துக்கொண்டிருந்தானாம். அப்போது அடுத்தது வந்து தோளில் மோதியிருக்கிறது.

"நான் வெளக்கப் போடலே," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "சத்தியமா போடலே. அந்தப் பய எப்படி அனுப்புனான்?"

லாரியில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காறை எலும்பு முறிந்திருந்தது. மூட்டை ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் தலை.

வேலு ஆபீஸ் வாசலில் நின்று ஒன்றையே சொன்னான். "மணி அடிச்சுச்சுங்க தொரை. என் புள்ளைங்க மேல ஆணை."

இரண்டு பேரும் சத்தியம் செய்கிறார்கள். துரைக்கு அதில் ஒருவன் பொய்யன். அடிபட்டவன் பொய் சொல்ல மாட்டான் என்று முடிவு கட்டினார். "சனிக்கெழம பெரட்டுல பேர் வெட்டு. பத்துச்சீட்டு." அந்தச் சீட்டு கையில் வந்தால் வேலை மட்டும் போகாது. தோட்டம் தந்த ஒற்றை அறை, லயத்துக் காம்பராவும் போகும். வேலுவின் மனைவி ராமாயி, இரண்டு பிள்ளைகள், சட்டிபானை எல்லாம் ரோட்டுக்கு வரும். வேறு தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள்.

5. வெயிலுக்குக் காத்திருந்தது

வியாழன் காலை மேலே ஏறினேன். "அண்ணே, அந்த நேரத்துல என்னத்தப் பாத்தீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்னத்தப் பாத்தேன்? மூடுபனி வெலகுச்சு. ஃபேக்டரி கூரை பளீர்னு கண்ணுல குத்துச்சு. சரி, தெளிஞ்சுருச்சுன்னு நெனச்சேன். மணியும் அடிச்சுச்சு. கட்டையக் கீழ போட்டுட்டு மூட்டையத் தள்ளுனேன்."

என் தகரக் குழாய் பார்க்கும் இடத்தில் சிவனுவின் விளக்கு மட்டுமா இருக்கிறது? அதற்கு மேலேயே ஃபேக்டரியின் தகரக் கூரை. மழையில் நனைந்த கூரையில் சாய்ந்த வெயில் பட்டு நேரே குழாய்க்குள் ஏறியிருக்கிறது. லாரி விளக்கு எங்கே, சூரியன் எங்கே! செல்லுக்கு இரண்டும் ஒன்றுதான்.

துரையிடம் ஓடினேன். அவர் சிரிக்கவில்லை. "வெயிலா? இந்த மாசத்துலயா? ஆளக் காப்பாத்தக் கத சொல்றே. டெலிவிஷன் கதையே தேவல."

நிரூபிக்க வெயில் வேண்டும். அன்று முழுக்க மழை. கொழுந்து பறிக்கும் நிரையில் நின்ற ராமாயி நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தாள். நான் போனதும், "ஏந்தம்பி, நல்லா இருந்த கம்பிக்கு ஒளி வேணும்னு யாரு அழுதா?" என்றாள். அழவில்லை, கத்தவில்லை.

மறைக்காமல் எழுதுகிறேன். வெயில் வராமலே போனால் என் வேலை தப்பிவிடும் என்ற நினைப்பும் அன்று வந்தது. மிஷின் பிழை என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்த பிறகு சோறு இறங்கவில்லை.

வெள்ளி மதியம் மழை விட்டது. மேற்கே வானம் கொஞ்சம் வெளுத்தது. ஆபீசுக்குள் போனேன். "தொரை, ஒரே ஒரு தடவ மேல வாங்க. மணி அடிக்கலைன்னா நாளைக்கு வேலு பேரோட என் பேரையும் சேத்து வெட்டுங்க."

ஏனோ வந்தார். கீழே இருந்த பேட்டரியைக் கழற்றி அவருடைய ஜீப்பின் பின் சீட்டிலேயே வைத்தேன். இனி அந்த விளக்கை யாரும் போட முடியாது.

மேலே கொட்டகையில் நான், துரை, வேலு. நாலு மணி. ஒன்றுமில்லை. நாலேகால். மேகம் திரும்ப மூடியது. துரை மணிக்கூட்டைப் பார்த்தார். வேலு கட்டையைப் பிடித்தபடி தரையைப் பார்த்தான். நாலரையும் தாண்டியது. துரை தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

அப்போது பள்ளத்தின் அந்தப் பக்கம் வெளிச்சம் கோடு போட்டது போல நகர்ந்து வந்தது. தேயிலை மேல் ஊர்ந்தது, ரோட்டைத் தாண்டியது, கூரையில் ஏறியது. கண் கூசியது. மணி அடித்தது. நிற்காமல் அடித்தது.

துரை கீழே பார்த்தார். ஜீப்பில் இருந்த பேட்டரியைப் பார்த்தார். "அப்ப நாளைக்குப் பெரட்டுல யார் பேர வெட்டுறது? சூரியன் பேரயா?"

"என் பேரைங்க தொரை."

வேலு கட்டையைக் கம்பிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான்.

6. இனி

வேலுவின் பேர் நின்றது. என்னுடையதும் நின்றது. ஆனால் மணியைக் கழற்றச் சொல்லிவிட்டார். எனக்கு வர இருந்த உத்தியோக உயர்வும் அதோடு போனது. அதில் அநியாயம் எதுவும் இல்லை.

புதிதாக என்ஜின் ரூமுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஒரு கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டால் நாம் எல்லோரும் கேட்பது, இது வேலை செய்யுமா என்பதுதான். நானும் கொப்பி நிறைய அதையே கேட்டிருந்தேன். கூப்பிடாத நேரத்தில் இது சும்மா இருக்குமா என்று கேட்கவில்லை. அந்த டெலிவிஷன் நாடகத்தை எழுதியவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுடைய கப்பல் போகும் இடத்தில் மேகமே கிடையாது. சூரியனுக்குப் பக்கத்தில் போனால் எந்நேரமும் வெயில். எதிர்க் கப்பலின் பளபளப்பான உடம்பில் அது பட்டுத் தெறித்தால், கேப்டன் பேசுவது செல்லுக்கு எப்படித் தெரியும்? ஒளியில் பேசுவது நடக்கும். அவர்கள் காட்டிய மாதிரி நடக்காது.

சூரியன் ஒரே சீராக எரிகிறது. நம் விளக்கு அப்படி எரியக்கூடாது. விளக்குக்கு முன்னால் பல் வெட்டிய தகரச் சக்கரத்தை ஒரு சின்ன மோட்டாரில் சுழல விட்டால் ஒளி துண்டு துண்டாகப் போகும். அந்தத் துடிப்புக்கு மட்டும் அசையும்படி ஆம்ப்ளிஃபயரைக் கட்ட வேண்டும். சக்கரம் தயார். ஆனால் இப்போது வேறு பயம். கூரை விளிம்பில் சொட்டும் மழைநீர் வெயிலைத் துண்டாக்கினால்? காற்றில் ஆடும் மரக்கிளை? வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறேன். இன்னும் எது துடிக்கும் என்று எதைப் பார்த்தாலும் யோசனை.

ஆஸ்பத்திரியில் சிவனுவிடம் இதைச் சொன்னேன். கட்டுப்போட்ட தோளோடு என்னை மேலும் கீழும் பார்த்தான். "நல்லா செய். ஆனா மொத ஆளா நீ கீழ நின்னு மூட்டையக் கழட்டு. அப்புறம் நான் வாரேன்."

கொழுந்து மூட்டை கிடையாது, மணல் மூட்டை மட்டும் என்று சொல்லித் துரை அனுமதி தந்திருக்கிறார். வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் வர வேண்டும். அன்று மேலே வேலு நிற்பான், மணி அடித்தால் மணல் மூட்டையைத் தள்ளுவான். நான் கீழே விளக்கை அணைத்துவிட்டு, கம்பிக்கு அடியில், சிவனு விழுந்த இடத்தில் போய் நிற்பேன்.