நாக்கு மரத்த பிறகு

தீவுக்கு விடுமுறையில் வருகிறவர்களுக்குச் சாக்லேட் பட்டறைகளைச் சுற்றிக் காட்டுவது வேன்காரியின் பிழைப்பு. ஒரு காலத்தில் அவளுக்கே பட்டறை இருந்தது. அவளும் புருஷனும் மாமனார் இடத்தில் தகரக் கொட்டகை போட்டு, கோகோ விதையை வறுத்துப் புடைத்து அரைத்து ஆளாக்கிய பட்டறை. புருஷன் மாரடைப்பில் போய், துக்கம் கேட்க வந்தவர்கள் கலைவதற்குள் கொழுந்தன் பூட்டை மாற்றிவிட்டான்.

“அண்ணி, இந்தப் புகையில நீங்க ஏன் கஷ்டப்படணும்? வேனை வச்சுக்கோங்க” என்றான்.

அவள் வேன் சாவியை வாங்கிக்கொண்டாள். அன்றே மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

சுற்றிப் பார்க்க வந்தவர்களிடம் கொழுந்தனைப் பற்றி அவள் ஒரு பொல்லாப்பும் சொல்லவில்லை. அவன் பட்டறையைக் கடைசியில் வைத்தாள், அவ்வளவுதான். முதல் பட்டறையில் காயை உடைத்து வெள்ளைச் சதையைச் சப்பக் கொடுப்பார்கள். அடுத்ததில் சுடச்சுட சாக்லேட் பானம். அதற்கடுத்த பட்டறைக் கிழவர் மிளகாய் சேர்த்த சாக்லேட் கட்டியை அள்ளி அள்ளித் தருவார். “சாப்பிடுங்க, இது வேற எங்கயும் கிடைக்காது” என்று அவளே தட்டை நீட்டுவாள்.

கொழுந்தன் கடைக்கு வரும்போது எல்லாருக்கும் வயிறு மந்தம், நாக்கு எரிச்சல். கண்ணாடித் தட்டில் இருந்ததை நுனியில் கடித்துவிட்டு, தண்ணீர் கிடைக்குமா என்று கேட்பார்கள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். வாசலில் சாய்ந்தபடி பார்ப்பவளுக்கு அதுதான் மதியச் சாப்பாடு.

அவனுக்கு விஷயம் உறைக்கும்போது கடை பாதி படுத்துவிட்டது. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணி, ஒரு தடவையாவது எங்க கடைக்கு முதல்ல கூட்டிட்டு வாங்க.”

“முதல்ல வரலாம்தான். வழியில ஒரு பூட்டு இருக்கே.”

“செத்தவர் தொழில் இது. அதையா அழிக்கிறீங்க?”

“அவர் தொழில்னு இப்பதான் ஞாபகம் வருதா உனக்கு?”

கையை எடுக்கச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவன் அரவை இயந்திரத்தைக் கிழவருக்கே விற்றுவிட்டு, துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனான். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் கொழுந்தன் பட்டறையில் சாக்லேட் கட்டிகளுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தவளும் நடுத்தெருவில் நின்றாள். வேன்காரியின் புருஷன் செத்த அன்று அவளை மடியில் சாய்த்துக்கொண்டவள் இவள்தான். வேன்காரி கிழவரிடம் பேசி அவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தாள். சேதி சொல்லப் போனபோது அவள் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“உங்க பகையில என் அடுப்பு அணைஞ்சுது அக்கா. வேலைக்குப் போறேன். ஆனா சிரிச்சுப் பேசச் சொல்லாதீங்க.”

வேன்காரி இன்றைக்கும் கிழவர் பட்டறைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறாள். காகிதம் சுற்றுகிறவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. துறைமுகச் சாலையில் கொழுந்தன் நடந்து போவதைப் பார்த்தால் மட்டும் வேன்காரி வண்டியை மெதுவாக்கி, ஆற அமரப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.